யார் எதைச் செய்வது? அம்பத்தூர் பட்டறைகளும் ரிக்கார்டோவின் கணக்கும்

கொரட்டூர் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம் பட்டரவாக்கம். அங்கே இறங்கித் தெற்குப் பக்கம் நடந்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிவிடும். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை, டை செய்யும் கூடம், பிளேட்டிங் யூனிட். விரல் நீள எஃகுப் பின் ஒன்று இந்தத் தெருக்களில் எப்படி உருவாகிறது என்று கவனித்தால் போதும், வணிகப் பொருளாதாரத்தின் பாதிப் பாடம் கிடைத்துவிடும். எஃகுக் கம்பியை ஒரு பட்டறை துண்டு போட்டு லேத்தில் கடைகிறது. கடைந்த பின்கள் டிரேயில் அடுக்கப்பட்டு, டெலிவரி சலானோடு ‘குட்டி யானை’ மினி லாரியில் ஏறி, இரண்டு தெரு தள்ளியுள்ள ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்துக்குப் போகின்றன. அங்கே கடினமாக்கியதும் கிரைண்டிங்குக்கு வேறொரு இடம், துத்தநாகப் பூச்சுக்கு இன்னொரு இடம். திரும்பவும் முதல் பட்டறைக்கே வந்து, அளவு பார்த்து, பெட்டியில் அடைபட்டு, பாடியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள பெரிய ஆலைக்குப் போவதற்குள் நாலைந்து முதலாளிகளின் வாசலைத் தாண்டியிருக்கும்.

ஒரே கூரையின்கீழ் இத்தனையும் செய்ய முடியாதா? முடியும். பெரிய ஆலைகளிடம் லேத்தும் உண்டு, உலையும் உண்டு. அவர்களுடைய இயந்திரம் பட்டறை இயந்திரத்தைவிடப் புதியது, வேகமானது. இருந்தும் வேலையை வெளியே கொடுக்கிறார்கள். தன்னைவிட வேகம் குறைந்தவரிடம் ஒருவர் ஏன் வேலையைக் கொடுக்கிறார் என்பதுதான் ஒப்பீட்டு நன்மை என்ற கோட்பாட்டின் மையக் கேள்வி. இருநூறு ஆண்டுகளாக அதன்மேல் நடந்துவரும் விவாதத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை இந்த வட்டாரத்தை வைத்தே பார்த்துவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு காட்டும் நன்மை மண்ணுக்குள் புதைந்து கிடந்ததல்ல. பல கைகள் சேர்ந்து உண்டாக்கியது. உண்டாக்கியது என்பதால் ஒருநாள் கைநழுவவும் கூடும். அப்படி நழுவும்போது நேரும் செலவை யார் ஏற்பது என்பதைக் கோட்பாடு சொல்வதில்லை.

பண்டமாற்று நமக்குப் புதிதல்ல. நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றிய உமணர்களைச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் காட்டுகின்றன. உவர் நிலத்தில் நெல் விளையாது, மருதத்தில் உப்பு விளையாது. இந்த வணிகத்துக்கு விளக்கம் தேவையில்லை. 1776இல் ஆடம் ஸ்மித் இன்னொரு படி மேலே போனார். குண்டூசி செய்யும் வேலையைப் பகிர்ந்துகொண்டால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்துவிடுவார்கள், பழக்கமில்லாத ஒருவர் தனியாக உட்கார்ந்தால் இருபதுகூடத் தேறாது என்றார். வேலையை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கலாம் என்பது சந்தையின் அளவைப் பொறுத்தது என்றும் சேர்த்துச் சொன்னார். தொழிற்பேட்டையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது வாக்கியம் மிக முக்கியம், பின்னால் வருகிறேன்.

ஸ்மித் விட்ட இடத்தில் டேவிட் ரிக்கார்டோ 1817இல் தொடங்கினார். இங்கிலாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான துணி, திராட்சை மது வணிகத்தை எடுத்துக்கொண்டார். ஓர் அளவு துணிக்கு இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 ஆட்கள் தேவை, மதுவுக்கு 120. போர்ச்சுகலில் துணிக்கு 90, மதுவுக்கு 80 போதும். இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி. அப்படியானால் இங்கிலாந்திடம் அது எதையும் வாங்கக் கூடாதல்லவா? இல்லை, வாங்குவதே இலாபம் என்று காட்டினார் ரிக்கார்டோ. 80 ஆட்களின் உழைப்பில் செய்த மதுவைக் கொடுத்து, தானே செய்தால் 90 பேரைக் கேட்கும் துணியைப் போர்ச்சுகல் பெற்றுவிடுகிறது. இங்கிலாந்தோ 100 ஆட்களின் துணியைக் கொடுத்து, தனக்கு 120 ஆட்கள் பிடிக்கும் மதுவைப் பெறுகிறது. எதிரே இருப்பவரைவிட நான் கெட்டியா என்பது கேள்வியே அல்ல. இதைச் செய்வதற்காக நான் எதைச் செய்யாமல் விடுகிறேன் என்பதுதான் கேள்வி.

இதையே நம் தெருவுக்குக் கொண்டுவருவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. பெரிய ஆலையில் ஒரு பிரேக் சிலிண்டரை முடிக்க 20 நிமிட உழைப்பு, ஒரு பின் கடைய 4 நிமிடம். சிறு பட்டறையில் சிலிண்டருக்கு 120 நிமிடம், பின்னுக்கு 6 நிமிடம். இரண்டிலும் ஆலைதான் வேகம். ஆனால் ஆலை ஒரு சிலிண்டர் செய்யும் நேரத்தில் 5 பின்களை இழக்கிறது. பட்டறை 20 பின்களை இழக்கிறது. ஒரு சிலிண்டருக்கு 10 பின்கள் என்று விலை அமைந்தால் என்ன ஆகிறது? 10 பின்களைத் தானே கடைய 40 நிமிடம் செலவிட வேண்டிய ஆலை, 20 நிமிடத்தில் ஒரு சிலிண்டரைச் செய்து அதன் மதிப்பில் அவற்றை வாங்கிவிடுகிறது. பட்டறை 60 நிமிடத்தில் 10 பின் கடைந்து, தனக்கு 120 நிமிடம் பிடிக்கும் பொருளின் மதிப்பைப் பெறுகிறது. இருவருக்குமே பாதி நேரம் மிச்சம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ‘பெரியவனோடு சின்னவன் வியாபாரம் செய்தால் சின்னவன் அழிவான்’ என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் கணக்கில் வராத ஒன்று தெருவில் நடக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னின் மேல்தோல் மட்டும் கடினமாக வேண்டும். உள்ளே இளக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ச்சியில் முறிந்துவிடும். அதற்காகக் கரி நிறைந்த வாயு சூழ்ந்த உலையில் சுமார் 900 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைத்திருந்து, பிறகு எண்ணெயில் அமிழ்த்துகிறார்கள். உலைக் கதவு திறக்கும்போது கூடையிலிருக்கும் பாகங்களெல்லாம் ஒரே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். எண்ணெயில் இறங்கியதும் புகை எழும், நிறம் போய்விடும். ஒரு பின்னை எடுத்துத் துடைத்து, கடினத்தை அளக்கும் ராக்வெல் மீட்டரில் வைத்துப் பார்க்கிறார்கள். சி அளவில் 60ஐ ஒட்டி முள் நின்றால் சரி. குறைந்தால் கூடை முழுக்க மறுபடி உலைக்கு.

இந்த உலையை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. சூடேறவே வெகுநேரம் பிடிக்கும், எரிபொருளும் மின்சாரமும் வீணாகும். தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் தொடர்ந்து சரக்கு வர வேண்டும். ஆறு பேர் வேலை செய்யும் லேத் பட்டறையின் ஒரு வாரப் பின்கள் ஒரு கூடைக்குக்கூடக் காணாது. முப்பது, நாற்பது பட்டறைகளின் சரக்கு சேர்ந்தால்தான் உலைக்குச் சோறு. ஸ்மித் சொன்ன சந்தையின் அளவு என்பது இதுதான். உலைக்காரர் இங்கே பிழைப்பது லேத்காரர்கள் பக்கத்தில் இருப்பதால். லேத்காரர்கள் இங்கேயே இருப்பது உலை பக்கத்தில் இருப்பதால். யார் முதலில் வந்தார் என்று கேட்பதில் பயனில்லை. இவர்கள் சேர்ந்து இருப்பதே இவர்களுடைய திறமையின் ஒரு பகுதி.

ஆல்பிரட் மார்ஷல் இங்கிலாந்தின் தொழில் வட்டாரங்களைப் பார்த்து 1890இல் இதை எழுதினார். பிற்காலத்தில் பால் குரூக்மன் இதைக் கணித வடிவில் வணிகக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே மாதிரி வளமும் திறமையும் உள்ள இரண்டு ஊர்களில்கூட ஒன்று பிரேக்கும் மற்றொன்று பனியனும் செய்ய நேரலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். முதலில் தற்செயலாகவோ கொள்கையாலோ ஒரு சிறு முன்னிலை கிடைக்கிறது, பிறகு பெருக்கத்தால் செலவு குறைந்துகொண்டே போகிறது, முன்னிலை கெட்டிப்படுகிறது. அம்பத்தூருக்கும் திருப்பூருக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது.

அந்த முதல் முன்னிலை இந்த வட்டாரத்துக்கு எங்கிருந்து வந்தது? ரிக்கார்டோவுக்குப் பின்வந்த ஹெக்‌ஷரும் ஓலினும் ஒரு நாட்டிடம் எந்த வளம் மலிந்திருக்கிறதோ அதை அதிகம் கேட்கும் பொருளையே அது ஏற்றுமதி செய்யும் என்றார்கள். அப்படிப் பார்த்தால் சென்னையின் மேற்குப் புறநகரில் எஃகு சார்ந்த தொழில் வளர்ந்ததற்குக் காரணமே இல்லை. இரும்புத் தாதுவும் நிலக்கரியும் பக்கத்தில் இல்லை. எஃகு வந்தது ஜாம்ஷெட்பூரிலிருந்தும் பிலாயிலிருந்தும் ரூர்கேலாவிலிருந்தும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வரும் சரக்கு உலை வாசலில் கிடைக்கும் சரக்கைவிட விலை கூடியிருக்க வேண்டும். கூடாமல் பார்த்துக்கொண்டது மத்திய அரசின் சரக்குக் கட்டணச் சமன்படுத்தும் கொள்கை. 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம்வரை இந்தியா முழுவதும் எஃகு ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கும்படி அது செய்தது. துறைமுகமும் படித்த தொழிலாளரும் சந்தையும் உள்ள சென்னை, பம்பாய் போன்ற இடங்களுக்கு அது பெரிய வாய்ப்பாக அமைந்தது. தாதுவும் நிலக்கரியும் வைத்திருந்த பிகாருக்கும் ஒடிசாவுக்கும் மேற்கு வங்கத்துக்கும் இயற்கை கொடுத்திருந்த ஒரே சாதகம் கைவிட்டுப் போனது. அந்த மாநிலங்கள் பின்தங்கியதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று பட்டரவாக்கத்திலும் கொரட்டூரிலும் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கி இரவு ஷிப்ட் பார்க்கும் பிகார், ஒடிசா இளைஞர்களைப் பார்க்கும்போது, நம் திறமையின் அடியில் அவர்கள் ஊரின் பங்கும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆட்களும் முதலும் நாட்டு எல்லை தாண்டுவதில்லை என்று ரிக்கார்டோ வைத்துக்கொண்டார். ஒரே நாட்டுக்குள் எஃகும் நகர்ந்தது, ஐம்பது ஆண்டு கழித்து ஆட்களும் நகர்ந்தார்கள்.

இரண்டாவது கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடு. சுதந்திரத்தின்போது இங்கே கார், லாரி என்பவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டிக் கொடுத்தவைதான். உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று 1953இல் அரசு முடிவெடுத்தது. பூட்டும் வேலை மட்டும் செய்துவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் பெரம்பூரில் சுவிட்சர்லாந்துத் தொழில்நுட்ப உதவியோடு ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த ஆண்டுகளில் கிண்டி தொழிற்பேட்டை வந்தது, பின் அம்பத்தூருக்கு நிலம் எடுக்கப்பட்டது. ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல் பரந்த பேட்டை 1960களின் நடுவில் இயங்கத் தொடங்கியது.

அதற்குள் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் வரிசையாக எழுந்துவிட்டன. சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, மின்சாதனங்களுக்கு லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, காற்றழுத்த பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன், போல்ட்டு நட்டுக்கு சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். 1960இலிருந்து 1966க்குள் இவை எல்லாமே தொடங்கிவிட்டன. பெரும்பாலானவற்றுக்குப் பிரிட்டிஷ் நிறுவனங்களின் தொழில்நுட்பக் கூட்டு இருந்தது. அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தின் சைக்கிள் ஆலை 1949லிருந்தே இருந்தது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. கொரட்டூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களின் ஊராக மாறியது இப்படித்தான்.

ரிக்கார்டோவின் கணக்கை 1955இல் அப்படியே பின்பற்றியிருந்தால் இந்தியா சணலும் தேயிலையும் விற்று லாரி வாங்கியிருக்க வேண்டும். அன்றைய விலைகளில் அது சரியான கணக்கு. ஆனால் ஒப்பீட்டு நன்மை என்பது இன்றைய திறமைகளைப் படம் பிடிப்பது. நாளை என்ன கற்றுக்கொள்ள முடியும் என்பது அதில் பதிவாகாது. ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் லிஸ்ட் 1841இல் சொன்னது இதுதான்: வளரும் தொழிலுக்குச் சில காலம் வேலி வேண்டும். தாராள வணிகத்தின் பக்கம் நின்ற ஜான் ஸ்டூவர்ட் மில்லும் 1848இல் இந்த ஒரு விதிவிலக்கை ஏற்றுக்கொண்டார். ஆனால் தற்காலிகமாக மட்டும், உண்மையில் கற்றுக்கொள்ளும் தொழிலுக்கு மட்டும்.

வேலி பலன் கொடுத்ததா? இரண்டு விடையும் சென்னையிலேயே இருக்கின்றன. திருவொற்றியூரில் 1950களின் நடுவில் என்ஃபீல்ட் புல்லட்டைப் பூட்டத் தொடங்கினார்கள். வடிவமும் பாகமும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தவை. 1970 வாக்கில் இங்கிலாந்தில் என்ஃபீல்ட் நிறுவனத்தின் உற்பத்தியே நின்றுபோனது. 1977லிருந்து திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இருபது ஆண்டு சொச்சத்தில் ஆசிரியரும் மாணவரும் இடம் மாறிவிட்டார்கள். அதே நகரத்தில், அதே வேலிக்குள், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனமும் கார் செய்தது. 1980களின் இறுதியில் அதன் உற்பத்தி நின்றது. வேலி இருவருக்கும் ஒன்றுதான். வேலிக்குள் இருந்தபோது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வாடிக்கையாளர்கள்தான் இருவர் படித்த படிப்புக்கும் கட்டணம் கட்டியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

1991இல் வேலி தாழ்த்தப்பட்டது. 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவையும் நீக்கப்பட்டன. பாடி ஆலைகள் மூடிவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. நடந்தது வேறு. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களுள் ஒன்று மூடிக்காகச் சென்னையை நம்பியது. சுந்தரம் கிளேட்டன் 1998இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது, லூகாஸ் டி.வி.எஸ். 2004இல் பெற்றது. பரிசைவிட அதன் பின்னால் நடந்த வேலைதான் முக்கியம். ஆயிரத்தில் எத்தனை பாகம் கழிகிறது என்று எண்ணியவர்கள் பத்து லட்சத்தில் எத்தனை என்று எண்ணப் பழகினார்கள். அந்தப் பழக்கம் ஆலையோடு நிற்கவில்லை. ரிஜெக்‌ஷன் கூடினால் ஆர்டர் போகும் என்பதால் சலானோடு அளவு அறிக்கையும் வர வேண்டும் என்றானது; நாலு லேத் வைத்திருந்த பட்டறையிலும் மைக்ரோமீட்டரைச் சரிபார்க்கும் தேதி எழுதிய அட்டை தொங்கத் தொடங்கியது. வேலிக்குள் கற்றதும் வேலி தாழ்ந்தபின் கற்றதும் இரண்டும் சேர்ந்ததே இன்றைய திறமை. இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுவது இரு தரப்பாருக்கும் எளிது. இந்த ஊரின் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

இனி பங்கீடு. மேலே போட்ட கணக்கில் ஒரு சிலிண்டருக்கு 10 பின்கள் என்று வைத்துக்கொண்டேன். 6 பின்கள் என்று வைத்தாலும் இருவருக்கும் ஆதாயம்தான், 19 என்று வைத்தாலும் ஆதாயம்தான். 6இல் ஆதாயத்தில் பெரும்பங்கு பட்டறைக்கு. 19இல் கிட்டத்தட்ட முழுதும் ஆலைக்கு. எங்கே நிற்கும் என்பது யாருக்கு யார் அதிகம் தேவை என்பதைப் பொறுத்தது என்று மில் விளக்கினார். நூறு பட்டறைகள் ஒரே பின்னைக் கடையத் தயாராக இருந்து, வாங்குபவர் இருவரோ மூவரோ என்றால் விலை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் விலையைக் குறைத்துத் தா என்று கேட்பது வாகனத் தொழிலில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

விலையைப் போலவே முக்கியம், பணம் வரும் நாள். சரக்கு போய்ச் சேர்ந்து தொண்ணூறு, நூற்றிருபது நாள் கழித்துப் பணம் வந்தால் நடுவில் பட்டறைக்காரர் வட்டிக்கு வாங்கித்தான் கூலி கொடுப்பார். அதாவது சிறியவர் பெரியவருக்குக் கடன் கொடுக்கிறார், அதுவும் தான் கூடுதல் வட்டிக்கு வாங்கி. 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. சொல்லியும் நடக்காததால், காலத்தில் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவின் கீழ் ஒரு விதி 2024 ஏப்ரலிலிருந்து நடப்புக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் கண்டிப்பாகக் கேட்டால் அடுத்த ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடுமோ என்ற பயத்தைச் சட்டத்தால் மட்டும் போக்க முடியாது. வணிகத்தால் எல்லோருக்கும் ஆதாயம் என்று சொல்லும் பொருளியலாளர்கள் பங்கீட்டைத் தனி விஷயமாகத் தள்ளிவைக்கிறார்கள். தெருவில் அது தனி விஷயமாக இல்லை. பங்கு கிடைக்காத பட்டறை புது இயந்திரம் வாங்காது. வாங்காத பட்டறை அடுத்த பத்தாண்டில் எதிலும் நன்மை உள்ளதாக இருக்காது.

பொய்யான நன்மை ஒன்றும் உண்டு. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் ரெட்டேரியும் ஒன்றின் உபரி மற்றொன்றுக்குப் போகும் சங்கிலி. அம்பத்தூர், பட்டரவாக்கம் பக்கமிருந்து வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் கொரட்டூர் ஏரியில் கலந்து, மீன் செத்து மிதந்த நாட்களை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போய்ப் போராடியது. பிளேட்டிங் தொட்டியின் கழிவில் துத்தநாகமும் குரோமியமும் இருக்கும். அதைச் சுத்திகரித்தே வெளியே விட வேண்டும்; அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவைத் தவிர்த்து மலிவாகப் பூச்சுப் போட்டுக் கொடுப்பவர் திறமையால் ஜெயிக்கவில்லை; மீதி விலையை ஏரிக்கரையில் கிணறு வைத்திருப்பவர் கட்டுகிறார். இப்படிப்பட்ட மலிவை ஒப்பீட்டு நன்மை என்று கணக்கெழுதுவது தவறு. முறையாகச் சுத்திகரிக்கும் பிளேட்டிங்காரரைச் சந்தையிலிருந்து துரத்தும் தவறும்கூட.

ஒரே வேலையில் இறங்கிவிட்டவரின் ஆபத்து வேறு வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தபோது சி.என்.சி. இயந்திரங்களின் மின்பலகைகள் நனைந்து பாழாயின. இப்படி ஒரு தெரு நின்றுபோனால் அதன் உலைக்கும் பூச்சுத் தொட்டிக்கும் சரக்கு அனுப்பும் மற்ற தெருக்களும் நிற்க வேண்டியதுதான். 2021 செப்டம்பரில் ஃபோர்டு மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, அதற்கென்றே டையும் ஃபிக்ஸ்சரும் செய்து வைத்திருந்த சிறு நிறுவனங்களுக்கு அவை பழைய இரும்பு விலைதான். இப்போது மின்வாகனம். பெட்ரோல் எஞ்சினில் இருக்கும் பிஸ்டன், வால்வு, புகைக்குழாய் எதுவும் மின் மோட்டாரில் கிடையாது. பிரேக்கும் சக்கரமும் போல்ட்டும் இருக்கும். எஞ்சின் பாகம் கடைபவருக்கு வேலை குறையும். அதற்கிடையில் பேட்டைக்குள் நிலத்தின் விலை ஏறி, பழைய ஆலை மனைகளில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்துவிட்டன. அந்த மனையின் ஒப்பீட்டு நன்மை இன்று லேத்தில் இல்லை, கண்ணாடிக் கட்டடத்தில்தான். லேத் வைத்திருப்பவர் திருமுடிவாக்கம், காக்களூர் போன்ற வேறு தொழிற்பேட்டைக்குப் போகலாம். அவரோடு உலைக்காரரும் பூச்சுக்காரரும் போனால்தான் அது பிழைப்பு.

இதையெல்லாம் கோட்பாடு மறுப்பதில்லை. ஒரு தொழில் தேய்ந்தால் ஆட்கள் இன்னொன்றுக்குப் போவார்கள் என்றுதான் அது சொல்கிறது. எவ்வளவு நாளில், எவ்வளவு கூலி குறைந்து என்பதைத்தான் சொல்வதில்லை. சீன இறக்குமதியால் ஆலை வேலை போன அமெரிக்க வட்டாரங்களை ஆராய்ந்து டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் மூவரும் 2013லிருந்து வெளியிட்ட கட்டுரைகள், அந்த ஊர்களில் வேலையும் கூலியும் நெடுங்காலம் மீளவில்லை என்று காட்டின. நாட்டின் மொத்த ஆதாயம் உண்மை. அந்த ஊர்களின் நட்டமும் உண்மை. வணிகத்தால் வேலை இழப்பவருக்கு உதவ அமெரிக்கா 1962லேயே தனித் திட்டம் தொடங்கியிருந்தும் இந்த நிலை.

நம்மிடம் இருப்பது என்ன? தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீன இயந்திரங்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையனுக்கு அது நல்ல வாசல். இருபது ஆண்டு கிரைண்டிங்கில் நின்ற நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு அந்த வாசல் திறந்திருப்பதாக நான் பார்க்கவில்லை. வேலை போனால் ஈ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டத்தின்கீழ் சராசரிக் கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாள் கிடைக்கும். ஆனால் ஈ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். ஜாப் ஒர்க் பட்டறைகளில் பல ஆறு பேர், ஏழு பேர் வைத்து ஓடுபவை. பின்னைக் கடைபவர், உலைக் கூடையை இறக்குபவர், சலானோடு குட்டி யானையில் போய்வருபவர் எனப் பலரும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். முதலில் அந்த வரம்பைக் கீழே இறக்க வேண்டும், 90 நாளை நீட்ட வேண்டும், வயது பார்க்காத மாலை நேரப் பயிற்சியை ஐ.டி.ஐ.க்களில் திறக்க வேண்டும். வணிகத்தால் நாடு பெறும் ஆதாயத்திலிருந்தே இதற்கான பணத்தை எடுக்கலாம் என்பதற்கு ரிக்கார்டோவின் கணக்கே ஆதாரம்.